மஞ்சள் கோட்டில் நின்ற கால்

உங்களுக்கெல்லாம் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் இந்த நாடகக் குழுவில் சேர்ந்தபோது என் கையில் கொடுத்தது ஊசியும் நூலும். உடுப்பு தைத்தேன். அப்புறம் மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் திரைக்கயிறு. மேடை ஓரத்தில் நின்று மற்றவர்களை ஏவுகிற வேலை என்னிடம் வந்து சேர்வதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. இப்போது ஓய்வு. பொன்னேரியில் வீட்டுக்கு எதிரே லாரி வந்து நின்றால், செட் சாமான் வந்துவிட்டதோ என்று இன்னமும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். வந்திருப்பது சிமெண்ட்.

புதிதாக வந்தவர்களுக்கு மேடைச் சொற்களை வரிசையாக எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். வரிசையாக எழுதினது உங்கள் போனிலேயே கிடைக்கும். அதற்கு இந்த எஸ்தர் எதற்கு? எனக்கு ஒரு சொல் ஞாபகம் வந்தால், அது யார் காலை வாரியது, யாரைக் காப்பாற்றியது என்பதும் சேர்ந்துதான் வரும். அப்படித்தான் சொல்லத் தெரியும். பிடிக்காதவர்கள் எழுந்து டீ குடிக்கப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்வேன், ஆனால் வெளியே காட்ட மாட்டேன்.

முதலில் வலமும் இடமும். மேடையில் வலது என்றால், மக்களைப் பார்த்து நிற்கிற நடிகரின் வலது கைப்பக்கம். கீழே நாற்காலியில் இருப்பவருக்கு அது இடது. இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும்வரைக்கும். மேய்ப்பர்கள் வலது பக்கத்திலிருந்து வரவேண்டும், ஞானிகள் இடது பக்கத்திலிருந்து. மேய்ப்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேடையில் நின்று சொன்னார். ஞானிகளுக்குச் சொன்னவர் கீழே உட்கார்ந்தபடியே கையைக் காட்டிச் சொன்னார். இரண்டு கூட்டமும் ஒரே விங்கில் வந்து நெருக்கியடித்து நின்றது. விங் என்றால் மேடை ஓரத்தில் துணி மறைப்புக்குப் பின்னால் நாம் நிற்கிற இடம், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது இரண்டு பேர் ஒருக்களித்து நிற்கிற இடம். போதாக்குறைக்கு மேய்ப்பர்களிடம் நிஜமான ஆட்டுக்குட்டி ஒன்று இருந்தது. அது ஒரு ஞானியின் தாடியைப் பிடித்து இழுத்துத் தின்னத் தொடங்கிவிட்டது. தாடியில்லாத ஞானி ஒருவர் தொழுவத்துக்குப் போய்ப் பொன்னைக் காணிக்கை வைத்துவிட்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சபையே சிரித்தது, பாதிரியார் உட்பட. அன்றிலிருந்து யாராவது என்னிடம் ‘அந்தப் பக்கம்’ என்று மொட்டையாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தப் பக்கம், யாருடைய பக்கம் என்று முழுசாகச் சொல்லிப் பழகுங்கள்.

அடுத்தது குறி. நீங்கள் மார்க் என்கிறீர்கள். நாற்காலி எங்கே, நடிகர் வந்து நிற்க வேண்டியது எங்கே என்று மேடைத் தரையில் ஒட்டுகிற சின்னத் துண்டு டேப். கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மேலே இருப்பவருக்கு அதுதான் வீடு. இந்தக் குறியைப் பற்றி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய கதை. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலை. பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், ஒத்திகை நாளெல்லாம் வயிறு நிறையப் போட்டார்கள். பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு நாடகம் வேண்டும், ஆனால் நடிப்பது எங்கள் தொழிலாளிகளாகவே இருக்கவேண்டும் என்றார்கள். செட்டு, லைட்டு, மைக்கு, பயிற்சி எல்லாம் நம்முடையது. முகம் மட்டும் அவர்களுடையது.

கதை சின்னது. ஒரு பெண் கிரேன் ஓட்டுகிறாள். மேலே கேபினில் இருக்கிறாள், கொக்கியில் பெரிய பாரம் தொங்குகிறது. கீழே ஒருவர் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கிறார். அது அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது. கீழே நிற்கிற ஷிஃப்ட் இன்சார்ஜ், நேரமாகிறது, இறக்கு என்று கத்துகிறார். அவள் கேபினை விட்டு வெளியே வந்து ஓரத்தில் நின்று, “கீழ ஆளு இருக்குது. நான் எறக்க மாட்டேன்” என்பாள். அந்த வார்த்தையோடு எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து முழு இருட்டு. அதை பிளாக்அவுட் என்போம். நாடகம் அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணாக நடித்தது அமுதா. பெயரைப் படித்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்காதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன். ஆலையில் பேக்கிங் பகுதியில் ஒப்பந்த வேலை செய்துகொண்டிருந்தாள். பொன்னேரியைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஊர், சொந்த நிலம் வைத்து நெல் போடுகிற குடும்பம். மருமகளைக் கம்பெனிக்கு அனுப்பினதையே பெரிய மனசு என்று நினைக்கிற வீடு. நாடகம் என்றதும் ஒரு வாரம் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஒத்திகைக்கு வந்த முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

“ஒரு தபாதான்னு சொல்லிட்டாருக்கா எங்க ஊட்டுக்காரரு. எதுனா ஏடாகூடமா ஆச்சு, அடி கிடி பட்டு நாலு பேரு சிரிச்சாங்கன்னா, நாடகமும் வேணாம், கம்பெனியும் வேணாம், ஊட்டோட குந்திக்கன்னுட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னேன். வேற இன்னாத்த சொல்றது.” அப்புறம் சொன்னாள்: “ஆனா இத நான் பண்ணணும்க்கா. ஏன்னு கேட்டா சொல்லத் தெர்ல.”

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. ஏன் நடிக்க வந்தாய் என்று கேட்டால் கலைச்சேவை என்று சொல்கிறவர்களை எனக்கு ஆகாது.

ஒத்திகை கேன்டீனில் நடந்தது. மேஜைகளை ஓரம் கட்டிவிட்டு, தரையில் குறி ஒட்டினோம். கையில் மஞ்சள் டேப் இருந்தது, அதை ஒட்டினோம். அங்கேதான் வேடிக்கை. ஒருத்தராவது குறிமேல் வந்து நிற்கவேண்டுமே. எல்லோரும் குறிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்தினமாதிரி நின்றுவிடுகிறார்கள். இன்சார்ஜ் வேஷம் போட்டவர் தயாளன் அண்ணன். ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், எல்லோரையும் நைனா என்பார். அவர் டேப்புக்கு முன்னால் நின்று, இடமும் வலமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றார்.

எங்கள் டைரக்டர் கத்தினார். “தயாளண்ணே, ஏன் அங்கியே நின்னுக்கினு இருக்கீங்க? இன்னும் கொஞ்சம் முன்ன வாங்க.”

“மஞ்சக் கோடு கீதே நைனா.”

“இருந்தா இன்னா?”

“தாண்டுனா ஃபோர்க்லிஃப்ட்டு வந்து அடிச்சுடும்.”

“ஃபோர்க்லிஃப்ட் ஓட்றதே நீங்கதானே?”

“அதனாலதான் நைனா சொல்றேன்.”

நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டேன். டைரக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் யோசித்தால் அவர்கள் மேல் தப்பே இல்லை. ஆலைத் தரையில் மஞ்சள் கோடு என்றால் அதற்கு அப்பால் வண்டி வரும், மிஷின் இருக்கும், கால் வைக்காதே என்று அர்த்தம். சேர்ந்த நாளிலிருந்து திட்டு வாங்கி, மெமோ வாங்கி, அது மூளையில் இல்லை, பாதத்தில் ஏறிவிட்டது. நாங்கள் போய், அதன்மேல் ஏறி நில்லுங்கள் என்றால் கால் கேட்குமா? அன்றைக்கே மஞ்சளைப் பிய்த்துப் போட்டுவிட்டு வெள்ளை டேப் ஒட்டினேன். எல்லோரும் சமர்த்தாகக் குறிமேல் வந்து நின்றார்கள்.

அவர்களிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கையால் பேசுவார்கள். ஆலைக்குள் இரைச்சலில் வாய் பேசினால் காதில் விழாது. அதனால் கிரேனுக்கு வா, போ, மெதுவாக, நிறுத்து எல்லாம் கைதான். அந்தப் பழக்கத்தில் மேடையிலும் வசனம் மறந்தால் ஒருத்தருக்கொருத்தர் கையைக் காட்டிக்கொள்வார்கள். டைரக்டருக்கு அது பெரிய பேஜாராக இருந்தது. எனக்குத் தயாளன் அண்ணனிடம் வேறு சண்டை. மேலே அமுதாவைப் பார்த்துப் பேசும்போது மக்களுக்கு முதுகைக் காட்டிவிடுவார். “அண்ணே, உங்க முதுகப் பாக்கறதுக்கா ஜனங்க வந்து குந்திக்கினு இருக்காங்க?” என்று தினமும் கேட்டேன். தினமும் சிரித்துவிட்டுத் திரும்பவும் காட்டுவார்.

கிரேன் கேபினுக்காக மேடைமேல் இன்னொரு உயர மேடை போட்டோம். ஆலையின் வெல்டிங் ஆட்களே குழாயும் பலகையும் வைத்து உறுதியாகச் செய்து கொடுத்தார்கள். என் மார்பு உயரம் இருக்கும். பக்கத்தில் ஏறி இறங்கப் படிக்கட்டு, அது துணி மறைப்புக்குப் பின்னால். மற்ற பக்கமெல்லாம் கைப்பிடிக் கம்பி உண்டு, முன்பக்கம் மட்டும் கிடையாது. கம்பி வைத்தால் அமுதாவின் முகம் மறையும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். ஆலையின் சேஃப்டி ஆபீசருக்கு அது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. இளம் வயசு, பொறுப்பான மனிதர். “பாதுகாப்பு வாரத்துல நாமளே ஓபன் எட்ஜ் வெக்கலாமா மேடம்?” என்று என்னிடம் வந்து வந்து கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் இருட்டில் அவள் தானாக ஓரடியும் எடுத்து வைக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்தோம்.

ஏற்பாடு இதுதான். அமுதாவின் கடைசிக் குறி படிக்கட்டை ஒட்டிய மூலையில். அவள் அங்கே நின்று வசனத்தைச் சொல்வாள். படிக்கட்டில் துணிக்குப் பின்னால் நம் அருள் குனிந்து உட்கார்ந்திருப்பான். அருளை உங்களுக்குத் தெரியும், இப்போதும் உடுப்பு அவன்தான் பார்க்கிறான். விளக்கு அணைந்ததும் அவன் கையை நீட்டுவான், அவள் பக்கவாட்டில் கையை நீட்டுவாள், பிடித்து இறக்கிவிடுவான். விளக்கு மறுபடி எரியும்போது கேபின் காலியாக இருக்கும். இதைப் பகலில் செய்தோம், விளக்கில் செய்தோம், இருட்டில் செய்தோம். ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன்னால் அமுதா கேட்பாள்.

“அந்தக் கை இருக்கும்லக்கா?”

“இருக்கும், போ.”

நாடக நாள். ஷிஃப்ட் முடிந்து, ஆலை மைதானத்தில் எல்லோரும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. முன்னால் நாற்காலி, பின்னால் ஜமக்காளம், அதற்கும் பின்னால் நிற்கிற கூட்டம். அமுதாவின் வீட்டுக்காரர் சட்டையை இன் பண்ணிக்கொண்டு இரண்டாவது வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் மேடை முழுக்க நடந்து பார்த்தேன். உயர மேடையில் ஏறினேன், வெள்ளைக் குறி இருந்த இடத்தில் இருந்தது, கம்பியை ஆட்டிப் பார்த்தேன், இறங்கினேன். அப்புறம் நடுத்திரையைப் போட்டுவிட்டு மேடையின் முன்பாதியைப் பேச்சாளர்களுக்கு விட்டுக்கொடுத்தோம். வரவேற்புரை, சிறப்புரை, பரிசு. உங்களுக்குத் தெரியாததா.

அந்தப் பேச்சு நேரத்தில், திரைக்குப் பின்னால், மனசு கேட்காத சேஃப்டி ஆபீசர் ஒரு நல்ல காரியம் செய்தார். உயர மேடையில் தனியாக ஏறி, முன்பக்கம் நெடுகவும், படிக்கட்டு வாயைச் சுற்றிக் கொஞ்சம் உள்ளே தள்ளியும், பளிச்சென்று அகலமான மஞ்சள் டேப் ஒட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஆலையில் படிக்கட்டு இருந்தால் அப்படித்தான் ஒட்டவேண்டும். விதிப்படி சரி. ஆனால் அமுதாவின் வெள்ளைக் குறி அந்த மஞ்சளுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

இது எனக்கு அப்போது தெரியாது. நான் மேடை இடது விங்கில், ஹெட்செட்டோடு. படிக்கட்டும் அருளும் வலது பக்கம். நாடகம் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. தயாளன் அண்ணன் “எறக்கு, எறக்கு” என்று கத்துகிற கத்தலில், நிஜ இன்சார்ஜ்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். பின்னால் நின்ற கூட்டம் விசில் அடித்தது. கடைசிக் கட்டம் வந்தது.

“ஸ்டாண்ட்பை பிளாக்அவுட்” என்றேன்.

“ரெடிக்கா” என்றான் செல்வம், லைட் போர்டிலிருந்து.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஸ்டாண்ட்பை என்றால் விரலை வைத்துத் தயாராக இரு. கோ என்றால் செய். அந்தக் கோ சொல்கிற தருணத்துக்குப் பெயர் கியூ. இந்த வசனம் முடிந்ததும் கியூ என்று எழுதி வைத்திருப்போம். நீங்கள் அதைப் படித்துவிட்டு, வசனம் வந்தால் சொல்லவேண்டியதுதானே, இதற்கு ஒரு ஆளா என்று நினைப்பீர்கள். வசனத்தைக் கேட்டு விளக்கை அணைக்க மனுஷி எதற்கு, போன் போதும். ஸ்டாண்ட்பைக்கும் கோவுக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரத்துக்குத்தான் நமக்குச் சோறு போடுகிறார்கள்.

அமுதா கேபினை விட்டு வெளியே வந்தாள். நடந்தாள். நின்றாள். நான் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். பூட்ஸ் முனைக்கு முன்னால் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. அது அங்கே இருக்கக்கூடாது. அவள் பூட்ஸ் அதைத் தொடாமல், தொடுகிற மாதிரி, நேர்த்தியாக நின்றது. கேன்டீனில் முதல் நாள் எல்லோரும் நின்ற அதே நிற்பு.

“கீழ ஆளு இருக்குது” என்றாள். எந்த ஒத்திகையிலும் அப்படிச் சொன்னதில்லை. மைதானம் கப்சிப் என்று ஆனது. “நான் எறக்க மாட்டேன்.”

கியூ.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினேன். விளக்கை அணைத்தால் அருளின் கை காற்றைத் துழாவும். அமுதா குறியில் நிற்பதாகவே நினைத்துக் கையை நீட்டுவாள், கை கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஓரடி எடுத்து வைத்துத் தேடுவாள். எந்தத் திசையில் என்று யாருக்குத் தெரியும்? முன்பக்கம் கம்பி இல்லை. அருளுக்கோ மேலே நடப்பது தெரியாது, துணிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான், காதில் ஒன்றும் கிடையாது.

“அக்கா?” என்றான் செல்வம்.

“இரு.”

டைரக்டர் பின்னாலிருந்து ஹெட்செட்டில் வந்தார். “எஸ்தர், கோ குடுங்க.”

“மாட்டேன்.”

“இன்னாது?”

“இன்னும் வரல.”

“யாரு வரல? எல்லாம் வந்தாச்சு. டைலாக் முடிஞ்சு போச்சு எஸ்தர், ஜனங்க பாத்துக்கினு இருக்காங்க, குடுங்க.”

விளக்கமாகச் சொல்ல அது நேரமா? மேடையில் எதுவும் நடக்காத நேரம் எவ்வளவு நீளம் என்று விங்கில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒருவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். மேலே அமுதா கையைப் பக்கவாட்டில் தயாராக வைத்திருந்தாள். இருட்டு வரும் வரும் என்று காத்திருக்கிறாள், வரவில்லை, தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். கீழே இரண்டாவது வரிசையில் அவள் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

இப்போது நிதானமாக யோசித்தால் நாலு வழி தோன்றுகிறது. திரையைப் போட்டிருக்கலாம், மெதுவாக விளக்கைக் குறைத்திருக்கலாம். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கோ சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாவிட்டாலும், எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மிச்சம் எங்கிருந்தாவது வரும்.

வந்தது தயாளன் அண்ணனிடமிருந்து. கீழே நின்றுகொண்டிருந்தவர், விளக்கு அணையாததைப் பார்த்து மெல்ல என் விங் பக்கம் கண்ணைத் திருப்பினார். நான் கையை நீட்டி உயர மேடையின் தரையைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த உடனே புரிந்துகொண்டார். மஞ்சளைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மக்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நான் எத்தனை நாள் திட்டின முதுகு. இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கை அசையாமல் நின்றது, மற்றக் கை அமுதாவைப் பார்த்து வா என்றது. ஆலையில் அதற்கு, மெதுவாக வா என்று அர்த்தம்.

அமுதா அவர் கையைப் பார்த்தாள். அப்புறம் காலுக்குக் கீழே பார்த்தாள். அவள் முகம் மாறினது எனக்கு விங்கிலிருந்தே தெரிந்தது. ஒரு காலைத் தூக்கினாள். தூக்கின கால் கொஞ்சம் அப்படியே நின்றது. அப்புறம் மஞ்சளைத் தாண்டி வைத்தாள். தயாளன் அண்ணன் கை, வா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது. அவள் கண்ணை அந்தக் கையிலிருந்து எடுக்காமல் நகர்ந்தாள். மைதானத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கைக்கு வேலை செய்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் அது புரிந்தது. இவ்வளவு நேரம் இறக்கு இறக்கு என்று கத்தின இன்சார்ஜ், இப்போது வாயைத் திறக்காமல், அந்தப் பெண்ணைப் பத்திரமாக நடத்திக்கொண்டு வருகிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் விசில் அடித்த பையன்கள்கூட மூச்சுவிடவில்லை.

பூட்ஸ் இரண்டும் வெள்ளைக் குறிமேல் சேர்ந்தன. தயாளன் அண்ணன் கையை நீட்டி ஒரே வீச்சில் நிறுத்தினார்.

“கோ” என்றேன்.

இருட்டு விழுந்தது. அடுத்த நொடி கைதட்டல் வந்தது. நான் அதைக் கேட்கவில்லை, படிக்கட்டில் இரண்டு ஜோடிக் கால்கள் இறங்குகிற சத்தத்தைத்தான் தேடினேன். கேட்டது.

அமுதா மேடைக்குப் பின்பக்கமாக ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “கால் வரலக்கா. நெஜமா சொல்றேன், இருட்டுல ஏறினப்ப கோடு இருக்குதுன்னுகூட எனக்குத் தெர்ல. காலு அதுவா நின்னுக்கிச்சு.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேஃப்டி ஆபீசர் வெளிறிப்போய் வந்து நின்றார். அவரும் நடந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தார். “அது நான் ஒட்டினதும்மா” என்றார்.

அமுதா அவரைப் பார்த்தாள். “சார், மஞ்சக் கோட்ட தாண்டினதுக்கு எனக்கு மெமோ குடுப்பீங்களா?”

“குடுக்கறதா இருந்தா எனக்குத்தான்மா குடுக்கணும்” என்று சொல்லி, பக்கத்தில் இருந்த சாமான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நான் தண்ணீர் கொடுத்தேன். யாரைக் கேட்டு ஒட்டினீர்கள் என்று நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை. திரைக்குப் பின்னால் யார் எதைத் தொட்டாலும் விங்கில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தொடவேண்டும் என்று நாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோமே, அது அன்றிலிருந்து வந்தது.

டைரக்டர் என்னைத் திட்டுவதற்காகவே வேகமாக வந்தார். வருகிற வழியில் ஆலை ஆட்கள் அவரைக் கட்டிப்பிடித்து, அந்தக் கடைசி முடிவு, அந்தக் கை, எப்படி சார் யோசித்தீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். என்னிடம் வந்து சேர்ந்தபோது பாதி கோபம்தான் மிச்சம் இருந்தது. அதையும் நான் விஷயத்தைச் சொன்னதும் விழுங்கிக்கொண்டார். அப்புறம் அந்த நாடகத்தை எங்கே போட்டாலும் தயாளன் அண்ணன் முதுகைக் காட்டித்தான் முடித்தோம். அவரும் ஒவ்வொரு தடவையும் விங்கைப் பார்த்து எனக்கு ஒரு கண் அடிப்பார்.

கடைசியாக அமுதாவின் வீட்டுக்காரர் வந்தார். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டமாதிரி நின்றாள். ஏடாகூடம் நடந்தது என்று அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“மேடம், அந்தக் கடைசில நடந்து வந்தாளே, அதுக்கு எவ்ளோ நாளு பிராக்டீஸ் குடுத்தீங்க?”

“நெறைய நாளு” என்றேன். ஆண்டவர் மன்னிப்பார்.

அவர் அமுதாவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், இன் பண்ணின சட்டையை இன்னொரு தடவை சரிசெய்துகொண்டார். “அடுத்தது எங்க போட்றீங்க?” என்றார். அமுதாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

அவள் சில வருஷம் நடித்தாள். அப்புறம் அவளாகவே வந்து, “அக்கா, எனக்கு அந்த விங்குல நிக்கணும்” என்றாள். நான் ஓய்வு பெற்ற அன்று என் ஹெட்செட்டைக் கழற்றி அவள் காதில்தான் மாட்டினேன். உங்களுக்கு இந்த வாரம் பெரியபாளையத்தில் ஸ்டாண்ட்பை சொல்லப்போகிற அமுதா அக்கா அவள்தான். கொஞ்சம் கடுகடுவென்று பேசுவாள், அது என்னிடம் கற்றுக்கொண்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் இப்படி ஆகும். வசனம் முடிந்துவிடும், எழுதி வைத்த கியூ வந்துவிடும், டைரக்டர் கத்துவார், கூட்டம் இருமும். உங்கள் விரல் சுவிட்ச்மேல் அரித்துக்கொண்டிருக்கும். காதில் அவள் குரல் வராது. ஏன் என்று கேட்காதீர்கள், நீங்களாக அழுத்தவும் செய்யாதீர்கள். யாருடைய காலோ இன்னும் வந்து சேரவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.